உஷார்! வேலையை விட்ட நாளுக்கும் அறுபதுக்கும் நடுவே

வி.ஆர்.எஸ். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர்களும், போட்டு ஒரு வருடம் ஆகாதவர்களும் இதை முதலில் படித்துவிடுங்கள். உங்களைச் சுற்றி எல்லோரும் இப்போது ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "இனிமே என்ன சார், நிம்மதி!" அதை நம்பி அடுத்த மூன்று மாதங்களில் நீங்கள் போடும் கையெழுத்துகள்தான் அப்புறம் பல வருடத் தூக்கத்தைக் கெடுக்கின்றன. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வருடா வருடம் என் மேஜைக்கு எதிரே நடப்பதைத்தான் சொல்கிறேன்.

திருச்சியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் ஜூன், ஜூலையில் பென்ஷன் தாள்களோடு வருகிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். இப்போது 48 வயதில் வருகிறார்கள், 52, 54 வயதில் வருகிறார்கள். ஆலை மூடியதால் வந்தவர்கள், கம்பெனி ஆள்குறைப்பில் கைநிறையக் கொடுத்து அனுப்பியவர்கள், "போதும் இந்த ஓட்டம்" என்று தாங்களாகவே விட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறார்கள். தாங்கள் ரிட்டையர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வரிச் சட்டத்துக்கும் வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் அப்படி ஒரு நினைப்பே கிடையாது. அவர்கள் கணக்கில் முதுமை 60-ல்தான் தொடங்குகிறது. 53 வயதில் வேலையை விட்டவர், சலுகைகளைப் பொறுத்தவரை, சம்பளம் நின்றுபோன சாதாரண வரிதாரர். அவ்வளவுதான்.

2025 ஜூலையில் ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு 53 வயது. 2024 ஜூனில் வி.ஆர்.எஸ். வாங்கியவர். துணிக்கடைக் கட்டைப்பையில் பாஸ்புத்தகம், டெபாசிட் ரசீது, பி.எஃப். தாள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். வி.ஆர்.எஸ். தொகை, கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் சேர்ந்ததில் 36 லட்சத்தை எஃப்.டி. போட்டிருந்தார்கள். 18 லட்சம் அவர் பெயரில், 18 லட்சம் மனைவி பெயரில்.

"வரி எதுவும் வராது சார். ரெண்டு பேருக்கும் ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

என்ன ஃபார்ம் என்று கேட்டேன். 15ஜி. வட்டியில் டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் உறுதிமொழி. வங்கியில் இருந்த பெண் நீட்டியிருக்கிறார், இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "வேலைதான் இல்லையே, வருமானம் எங்க இருக்கு?" என்பது அவர் வாதம்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த நிதியாண்டில் அவருக்கு மூன்று மாதச் சம்பளம் இருந்தது. வி.ஆர்.எஸ். தொகை 24 லட்சம். அதில் வரிவிலக்கு 5 லட்சத்துக்கு மட்டும்தான், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. மீதி 19 லட்சமும் வருமானம். ஆக, அவர் வாழ்க்கையிலேயே அதிக வருமானம் வந்த வருடம் அது! 30 சதவீத வரி அடுக்கில் நின்றுகொண்டு, "எனக்கு வரிக்குரிய வருமானமே இல்லை" என்று எழுத்துபூர்வமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 15ஜி வெறும் ஃபார்ம் இல்லை. அது உறுதிமொழி. பொய்யென்று தெரிந்தே கொடுத்தால் தண்டனைக்கு வழி உண்டு. கம்பெனி தன் பங்குக்குப் பிடித்த டிடிஎஸ் சரியாக இருந்தது. எஃப்.டி. வட்டிக்குத்தான் ஒரு பைசா பிடிபடவில்லை.

வட்டி மொத்தம் 1,80,000 ரூபாய் சொச்சம். அவர் பங்கு 90,000 என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் அவர் கணக்கில் எழுதியதும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் பேர்ல இருக்கிற பணத்துக்கு இவர் எதுக்கு சார் வரி கட்டணும்? என்னோட பான் நம்பர்தானே குடுத்திருக்கோம்?"

நியாயமான கேள்வி. பதில்தான் கசப்பானது. கணவன் தன் பணத்தை மனைவிக்குக் கொடுத்து, மனைவி அதை முதலீடு செய்தால், அந்த முதலீடு தரும் வருமானம் கணவனின் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்கிடப்படும். மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் இதேதான். மருமகள் பெயரில் போட்டாலும் விடாது. கொடுத்தது சட்டப்படி செல்லும், அன்பளிப்புக்கு வரி கிடையாது, பணம் அவருடையதுதான். ஆனால் அது ஈனும் வட்டி கொடுத்தவர் தலையில். அந்த அம்மா தன் சம்பாத்தியத்திலோ, பிறந்த வீட்டில் கொடுத்ததிலோ போட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கணவன் கணக்கில் சேர்க்கப்பட்ட வட்டியை மனைவி தனியே மறுபடி முதலீடு செய்தால் அந்த இரண்டாம் தலைமுறை வட்டி மனைவியுடையது. அந்தக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். யார் வைக்கிறார்கள்?

முப்பது சதவீதம் என்றால் 54,000. அதன்மேல் 4 சதவீத செஸ். ஏறத்தாழ 56,000 ரூபாய். அதோடு முடிந்ததா? இல்லை. வரிபாக்கி 10,000 ரூபாயைத் தொட்டால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. தவறினால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. 60 வயதான, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. இவருக்கு 53. இவருடைய பெரியப்பா மகன் 64 வயதில் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுவதில்லையாம், "அவர் எதுவும் சொல்லலையே" என்றார். அவர் சொல்லமாட்டார், அவருக்கு அது தேவையே இல்லை. வட்டிக்கு மட்டும் 5,000 ரூபாய்க்கு மேல் போனது.

வேலை பார்த்த முப்பது வருடமும் கம்பெனியே வரி பிடித்துக் கட்டிவிட்டது. மாதச் சம்பளக்காரர்கள் நாம் வரி கட்டப் பழகவே இல்லை. வரி நம்மிடமிருந்து பிடிக்கப்பட்டது, நாம் கட்டவில்லை. வேலையை விட்ட மறுநாளிலிருந்து அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்.

அறுபது என்ற வேலி

இன்னும் பல இடங்களில் இந்த வேலி நிற்கிறது. அஞ்சலகத்திலும் வங்கியிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 8.2 சதவீத வட்டி, 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். ஓய்வு பெற்றவருக்கு இதைவிட நல்ல இடம் நாட்டில் குறைவு. "வி.ஆர்.எஸ். வாங்கினா 55 வயசுலேயே சேரலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும், வந்த ஓய்வுத் தொகைக்கு மேல் போடவும் முடியாது. 53-ல் விட்டவர், "55 ஆகட்டும், போடலாம்" என்று காத்திருந்தால் ஏமாந்துபோவார். மூன்று மாத வாசல் எப்போதோ மூடியிருக்கும். அவர் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான். 54 வயது 8 மாதத்தில் விண்ணப்பம் எழுத உட்காருகிறவர், முடிந்தால் நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம். அந்த நாலு மாதத்துக்கு இருக்கும் மதிப்பை அலுவலகத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம் 8.05 சதவீதம் தருகிறது என்று ஓடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஏழு வருடப் பூட்டு. இடையில் எடுக்கும் வசதி 60 தாண்டியவர்களுக்கு மட்டும். உங்களுக்கு அவசரம் வந்தால் அந்தப் பணம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. வங்கி எஃப்.டி.யில் மூத்தவர்களுக்குத் தரும் கூடுதல் அரை சதவீதம் உங்களுக்கு இல்லை. பழைய வரி முறையில் வட்டிக்குக் கிடைக்கும் 50,000 ரூபாய்க் கழிவும் இல்லை.

பி.எஃப். அலுவலகத்தின் பென்ஷன் 58-ல். 50 வயதிலிருந்தே கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் 58-க்கு எத்தனை வருடம் முந்துகிறீர்களோ, அத்தனை வருடத்துக்கும் வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் வெட்டு விழும். அது 58 வந்ததும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உயிர் உள்ளவரை அந்தக் குறைந்த தொகைதான். பி.எஃப். பணத்தை எடுக்காமல் விட்டுவைத்தால் வட்டி ஏறுமே என்று விட்டுவைப்பவர்களும் கவனியுங்கள். ஏறும். ஆனால் வேலையை விட்ட தேதிக்குப் பிறகு ஏறுகிற வட்டிக்கு வரி உண்டு.

வயது பார்க்காத இடமும் இருக்கிறது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம், 7.4 சதவீதம். 53 வயதுக்காரருக்கு இது முதல் படி என்பேன். பெரிய தொகை வராது. ஆனால் அரிசி, பருப்பு, கரண்ட் பில் நிற்காது.

இன்னொரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லை" என்று 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையைப் பற்றி டீக்கடை வரை பேசுகிறார்கள். வட்டி, பென்ஷன் மட்டும் இருப்பவருக்கு அது பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது விலக்கு இல்லை, தள்ளுபடி. பங்கு, ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் விற்று வந்த லாபத்தின் வரிக்கு அந்தத் தள்ளுபடி ஒட்டாது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருடத்துக்கு 1.25 லட்சம் வரைக்குமான லாபம் போக மீதிக்கு 12.5 சதவீதம். வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த ஃபண்ட் முழுவதையும் ஒரே பிப்ரவரி மாதத்தில் விற்பதற்கும், பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 1.25 லட்சம் இரண்டு தடவை கிடைக்கும். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

வேலையை விடும் தேதியிலும் இந்தக் கணக்குதான். டிசம்பரில் விட்டால் ஒன்பது மாதச் சம்பளமும் வி.ஆர்.எஸ். தொகையும் ஒரே நிதியாண்டில் விழும். ஏப்ரலில் விட்டால் மொத்தத் தொகை அடுத்த வருடத்தில், சம்பளம் அநேகமாக இல்லாத வருடத்தில் விழும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், கையெழுத்துக்கு முன் ஒரு ஆடிட்டரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள்.

இன்றைய வட்டி நாளைக்கு இருக்காது

"அம்பது லட்சம் இருக்கு, ஏழு பெர்சென்ட், மாசம் முப்பதாயிரம் வருது, போதும்." இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் எனக்குப் பயம் தருவது அந்த ஏழுதான்.

2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். வி.ஆர்.எஸ். அறிவித்தது. 50 வயது தாண்டியவர்களில் சுமார் 78,500 பேர் எழுதிக்கொடுத்து, 2020 ஜனவரி 31-ம் தேதி ஒரே நாளில் வெளியே வந்தார்கள். அன்று ரெப்போ வட்டி 5.15 சதவீதம். மே மாதம் அது 4 ஆனது. நாட்டின் மிகப்பெரிய வங்கியிலேயே ஓராண்டு எஃப்.டி. வட்டி அந்த ஆண்டில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. விலைவாசியோ 6 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்ததை அப்படியே டெபாசிட்டில் போட்டவர்களின் பணம், பத்திரமாக இருந்தபடியே தேய்ந்தது. அவர்களுக்குப் பென்ஷன் இருந்தது, தாங்கிக்கொண்டார்கள். பென்ஷன் இல்லாத தனியார் கம்பெனிக்காரர் அதே வருடத்தில் விட்டிருந்தால்? அதற்கு இருபது வருடம் முன்பும் இப்படி நடந்தது. 2000, 2001-ல் பொதுத்துறை வங்கிகளில் லட்சம் பேருக்கு மேல் வி.ஆர்.எஸ். வாங்கினார்கள். அன்று பத்தை ஒட்டியிருந்த டெபாசிட் வட்டி மூன்றே வருடத்தில் ஆறுக்கும் கீழே வந்தது. வங்கிக்காரர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். 52-ல் மாதம் 40,000 செலவழிக்கும் குடும்பம் 64-ல் 80,000 செலவழிக்க வேண்டியிருக்கும், அதே சாப்பாட்டுக்கு, அதே வீட்டுக்கு. ஆகவே வட்டி முழுவதையும் சாப்பிட்டுவிடாதீர்கள். வரும் வட்டியில் ஒரு பங்கைத் திரும்ப முதலோடு சேர்த்தால்தான் அந்த முதல் உயிரோடு இருக்கும். மொத்தத்தையும் ஒரே வட்டியில் ஐந்து வருடத்துக்குப் பூட்டாமல், ஒரு வருடம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று பிரித்துப் போடுங்கள். கூடவே ஒரு பகுதி, உங்களால் ஏழெட்டு வருடம் தொடாமல் இருக்க முடிகிற பகுதி மட்டும், பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் இருக்கட்டும். "எனக்கு ஷேர் பயம்" என்பவருக்கு நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் முப்பது வருட வாழ்க்கையை எஃப்.டி. மட்டுமே தாங்காது என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.

ஐ.டி.யில் இருந்து நாற்பதுகளிலேயே விலகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும்" என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அந்தக் கணக்கின் மூலம் 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் அமெரிக்கச் சந்தையை, அமெரிக்க விலைவாசியை வைத்து, 30 வருட ஓய்வுக்குப் போட்ட கணக்கு. 42 வயதில் விடுகிறவருக்குத் தேவை 45 வருடம். நம் பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆஸ்பத்திரி

இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஏனென்றால் மற்ற தவறுகள் பணத்தைத் தின்னும். இது குடும்பத்தையே தின்னும்.

அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். பல பேருக்கு அது உறைப்பதே இல்லை. 25 வருடம் அட்டையைக் காட்டிப் படுத்துப் பழகியவர்கள். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று ஒரு வருடம் ஓடும். அதற்குள் சுகர் எல்லையைத் தாண்டியிருக்கும், அல்லது நெஞ்சுவலி என்று ஒரு இ.சி.ஜி. எடுத்திருப்பார்கள். அதன் பிறகு புதிதாக பாலிசி கேட்டால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்பார்கள். முன்பு நான்கு வருடம் வரை இருந்தது, 2024-லிருந்து அதிகபட்சம் மூன்று வருடம். மூன்று வருடம் என்பது 54 வயது இதயத்துக்கு நீண்ட காலம்.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு, வேலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியது. குழு காப்பீடு கொடுத்த அதே நிறுவனத்திடம் தனிநபர் அல்லது குடும்பப் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளக் கேளுங்கள். அப்படி மாறினால் குழுவில் கழிந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்பட வழி இருக்கிறது. பாலிசி முடிவதற்கு முன்பே, குறைந்தது ஒரு மாதமாவது முன்னதாக எழுதிக்கொடுங்கள். ஹெச்.ஆர். பிரிவில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரே எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்தச் செலவுகூடக் குறைந்திருக்கிறது. விண்ணப்பத்தில் பிரஷர், சுகர் எதையும் மறைக்காதீர்கள். "எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறும்" என்று ஏஜென்ட் சொல்வார். ஆஸ்பத்திரியில் க்ளெய்ம் நிராகரிக்கப்படும்போது அவர் போனை எடுக்கமாட்டார்.

பணம் வந்த வாசனை

எப்படித்தான் தெரியுமோ தெரியாது, வழியனுப்பு விழாவில் போட்ட மாலை வாடுவதற்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். தூரத்துச் சொந்தம், கூட வேலை பார்த்தவர், கோயிலில் பழகியவர். லட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று பேச்சைத் தொடங்குவார்கள்.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கை மறந்துவிட்டீர்களா? மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் வழக்குத் தொடுத்தார்கள். "அது பேராசை, நான் அப்படி இல்லை" என்பீர்கள். சரி, மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1872-ல் தொடங்கியது. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நானும் போட்டேன் என்று நம்பிக்கையோடு பணம் போட்டவர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்ற முதியவர்கள். அவர்கள் கேட்டது வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி, அவ்வளவுதான். 2024-ல் முதிர்ந்த டெபாசிட் திரும்ப வராமல் காவல்துறையிடம் போய் நின்றார்கள். ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். 150 வருடப் பெயர்ப்பலகையும் உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை.

உத்தரவாதம் எங்கே இருக்கிறது? வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. வங்கியாக இல்லாத எந்த நிறுவனத்துக்கும் அது இல்லை. நகைக்கடைச் சீட்டுக்கு இல்லை, நிதி நிறுவனத்துக்கு இல்லை, கம்பெனி டெபாசிட்டுக்கு இல்லை. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டுத் திருப்பித் தர அதில் வழி உண்டு. ஆனால் பணம் கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். 70 வயதில் நீதிமன்றத்துக்கு நடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது புதிதாக போனில் வருகிறார்கள். சி.பி.ஐ., சுங்கத்துறை, "உங்க ஆதார்ல பார்சல் வந்திருக்கு, வீடியோ காலை விட்டு நகராதீங்க, டிஜிட்டல் கைது." அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. போனைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

வெளி ஆளைவிட வீட்டு ஆள் கேட்கும்போது மறுப்பது கஷ்டம். மகன் தொழில் தொடங்க, மாப்பிள்ளை வீடு கட்ட, தம்பிக்கு ஜாமீன் கையெழுத்து. கொடுங்கள், கொடுக்கக் கூடாது என்று சொல்லும் மனம் எனக்கு இல்லை. ஆனால் மனைவி கையில் இருக்க வேண்டிய பங்கைத் தனியே பிரித்து வைத்துவிட்டு, மீதியில் கொடுங்கள். ஜாமீன் மட்டும் வேண்டாம். கொடுத்த பணம் போனால் அந்தப் பணத்தோடு போகும். ஜாமீன் போட்டால் எவ்வளவு போகும் என்பதை அடுத்தவர் முடிவு செய்கிறார்.

அந்தத் தம்பதியின் கணக்கை முடித்து, வரி கட்டும் சலானை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா நான்கு அட்வான்ஸ் டாக்ஸ் தேதிகளையும் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். 15ஜி-யை இனி என்னைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்றார் அவர். பையைத் திரும்ப அடுக்கும்போது அடியில் ஒரு பளபளப்பான உறை இருந்தது.

"இது என்னம்மா?"

"அதுவா சார், பேங்க்ல போட்டது. மூணு லட்சம். ஒரே தடவை கட்டினா போதும், பத்து வருஷம் கழிச்சு பென்ஷன் மாதிரி வரும்னாங்க."

பிரித்துப் பார்த்தேன். ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. பிரீமியம் கட்டும் காலம் 7 வருடம். வருடத்துக்கு மூன்று லட்சம் வீதம் 21 லட்சம். ஒரே தடவை என்று எங்கேயும் இல்லை. அவர் கையெழுத்து மூன்று இடத்தில் இருந்தது. வேலையில்லாத மனிதர் வருடத்துக்கு மூன்று லட்சம் எங்கிருந்து கட்டுவார்? இரண்டாவது வருடம் கட்டாமல் விட்டால் முதல் மூன்று லட்சத்தில் கணிசமான தொகை போய்விடும்.

"இது உங்க கைக்கு எப்ப வந்தது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூரியர் வந்த அன்று மகள் வீட்டிலிருந்து திரும்பியதாக அந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பஸ் டிக்கெட் தேதியைப் போனில் தேடினார். விரல்விட்டு எண்ணினேன். 27 நாள்.

பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை போக மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும். காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை, அது உரிமை. ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினேன். பாலிசி எண், வந்த தேதி, ரத்து செய்கிறேன் என்ற ஒற்றை வரி. இரண்டு நகல். "காப்பீட்டு நிறுவனத்தோட கிளை ஆபீஸ்லயே குடுங்க, பேங்க்ல குடுக்காதீங்க. 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே முப்பது நாளை ஓட்டிடுவாங்க. நகல்ல சீலும் தேதியும் வாங்காம நகராதீங்க" என்றேன்.

மணி மூன்றே கால். கிளை நாலரைக்கு மூடுகிறது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கடுத்து ஞாயிறு. அவர் செருப்பை மாட்டிக்கொள்ளும்போதே அந்த அம்மா தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்திவிட்டார்.